நின்றுபோன செகண்ட் ஹேண்ட் கார்: செலவு செய்வதா, தள்ளிவிடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பதிவான, சொந்த உபயோகத்துக்கு வாங்கிய, ஏழெட்டு வருடமாவது ஓடிய கார்களை மனதில் வைத்து எழுதியது இது. டாக்ஸிக்கும் சரக்கு வண்டிக்கும் கணக்கு வேறு, பெர்மிட், எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) என்று அது தனிக் கதை. தொகைகள் வரும் இடங்களில் அவை கணக்குப் போட்டுக் காட்டுவதற்கான உதாரணம் மட்டுமே. உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. முதல் வேலை என்ன?

சாவியைத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்க்காமல் இருப்பது. பேட்டரி இறங்கி நின்றிருந்தால் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ஹீட் முள் சிவப்பைத் தொட்டு நின்ற வண்டி, ஆயில் விளக்கு எரிந்து நின்ற வண்டி, தேங்கிய தண்ணீரில் இறங்கி நின்ற வண்டி, இந்த மூன்றையும் மறுபடி ஸ்டார்ட் செய்தால் சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை இன்ஜினையே இறக்குவதில் போய் நிற்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

அப்புறம், வண்டியை எங்கே இழுத்துப் போகிறீர்கள் என்பது முக்கியம். பதற்றத்தில் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, அவர்கள் பாதி கழற்றிப்போட்ட பிறகு, பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கழற்றிய இன்ஜினை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வேறு மெக்கானிக்கிடம் போனால் அவர் பொறுப்பேற்கத் தயங்குவார். இன்சூரன்ஸ் பாலிசியில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பலருக்கு இருப்பதே தெரியாது. இல்லையென்றாலும், கைக்காசு கொடுத்து ரிக்கவரி வண்டி பிடித்து, தெரிந்த மெக்கானிக்கிடமோ வீட்டு வாசலுக்கோ கொண்டுபோவது நல்லது. அந்தச் செலவு வீணாகாது.

மெக்கானிக் பார்த்த உடனேயே "இன்ஜினை இறக்கணும் சார்" என்கிறார். சரி சொல்லிவிடலாமா?

வேண்டாம். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இறக்குவதற்கு முன்னால் செய்யக்கூடிய சோதனைகள் சில இருக்கின்றன. அவற்றைச் செய்து, ரிசல்ட்டை உங்களுக்குக் காட்டிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

ஹீட் ஆகி நின்ற வண்டியை எடுத்துக்கொள்வோம், நம் ஊர் வெயிலில் அதுதானே அதிகம் நடக்கிறது. இன்ஜின் ஆறிய பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் அதிகம் விட்ட காபி நிறத்தில், கொழகொழவென்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா? ஆயில் அளவுகோலை உருவி அதிலும் அதே நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூலன்ட் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகமான பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம், ஹெட் வளைந்திருக்கலாம், ஆயில் கூலர் ஓட்டையாகவும் இருக்கலாம். மூடியில் மட்டும் லேசாக ஒட்டியிருந்து அளவுகோலில் ஆயில் சுத்தமாக இருந்தால் பயப்பட அவசியமில்லை. தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்து அப்படி ஆகும்.

அடுத்தது கம்ப்ரெஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கேஜைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் என்ன அழுத்தம் வருகிறது என்று பார்ப்பார்கள். நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அங்கேதான் வில்லங்கம். அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் வால்விலோ கேஸ்கெட்டிலோ கோளாறு. இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு மலைக்கும் மடுவுக்கும். ரிங் என்றால் இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும். வால்வு, கேஸ்கெட் என்றால் பெரும்பாலும் ஹெட்டை மட்டும் கழற்றி லேத்தில் கொடுத்து ஃபேசிங் போட்டால், அதாவது அடிப்பரப்பைச் சமமாக்கினால் போதும்.

ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடு ஒரு துப்பு மட்டும்தான். "இந்த சென்சார்" என்று காட்டினால் சென்சாரே போய்விட்டது என்று இல்லை, அதற்குப் போகும் வயரை எலி கடித்திருக்கலாம். எலி கடித்த வயரிங்கால் நிற்கும் வண்டிகள் கொஞ்சநஞ்சமல்ல.

இதெல்லாம் முடிந்த பின் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். ஸ்பேர்ஸ் எவ்வளவு, லேத் வேலை எவ்வளவு, லேபர் எவ்வளவு என்று மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். கழற்றிப் பார்த்த பிறகு தொகை மாறினால் போன் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

சரி, எஸ்டிமேட் வந்துவிட்டது. கணக்கை எப்படிப் போடுவது?

வண்டி மதிப்பில் பாதிக்கு மேல் செலவு வந்தால் விற்றுவிடு என்று ஒரு வாய்க்கணக்கு சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த மதிப்பு? ஓடும்போது இருந்த மதிப்பா, இப்போது நிற்கும் நிலையில் உள்ள மதிப்பா? இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் கணக்கின் ஆதாரம்.

உதாரணத்துக்கு, 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்று. நன்றாக ஓடினால் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் போகும். நின்ற நிலையில் 90 ஆயிரத்துக்குக் கேட்கிறார்கள். எஸ்டிமேட் 75 ஆயிரம். மேலோட்டமாகப் பார்த்தால் 75 போட்டு 1 லட்சத்து 30 எடுக்கலாம், 55 ஆயிரம் லாபம் என்று தோன்றும். ஆனால் இன்ஜின் வேலையில் எஸ்டிமேட் அப்படியே நிற்பது அபூர்வம். பிரித்த பிறகு வாட்டர் பம்ப், ஹோஸ், மவுண்டிங், கிளட்ச் என்று ஏதாவது வரும். இருபது சதவீதம் கூட்டி 90 என்று வையுங்கள். "இன்ஜின் வேலை பார்த்த வண்டி" என்றாலே வாங்குகிறவர் 20 ஆயிரமாவது குறைத்துக் கேட்பார். அப்போது மிஞ்சுவது 20 ஆயிரம். அதற்கு ஒரு மாதம் ஒர்க்‌ஷாப்புக்கு நடையாக நடக்க வேண்டும், தெரியாதவர்களுக்கெல்லாம் வண்டியைக் காட்ட வேண்டும். விற்பதற்காக மட்டும் ரிப்பேர் செய்வதாக இருந்தால் எனக்கு இது தேறாது. நின்ற நிலையிலேயே கொடுத்துவிடுவேன்.

அதே வண்டியை இன்னும் மூன்று வருடம் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். 90 ஆயிரத்துக்கு அதை விற்றுவிட்டு, மேலே ஒன்றரை லட்சம் போட்டு அதே தரத்தில் இன்னொரு பழைய வண்டி வாங்குவீர்கள். பெயர் மாற்றம், புது இன்சூரன்ஸ், புரோக்கர் கமிஷன், வாங்கிய கையோடு ஒரு சர்வீஸ், அநேகமாக ஒரு செட் டயர். அதன் இன்ஜின் எப்படி என்பது ஆறு மாதம் ஓட்டினால்தான் தெரியும். உங்கள் வண்டியின் நோய் என்னவென்று உங்களுக்குத் தெரியும், அதற்கு வைத்தியமும் பார்த்தாயிற்று. பாடியும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கும் பட்சத்தில் ரிப்பேர்தான் மலிவு.

ஆகவே முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, இந்த வண்டி இல்லாமல் உங்கள் பிழைப்பு ஓடுமா என்பதைத்தான். வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கும் வண்டி என்றால், விற்ற காசை பேங்கில் போட்டுவிட்டு தேவைப்படும்போது கால் டாக்ஸி கூப்பிடுவது இன்னும் மலிவாகவே முடியும். இன்சூரன்ஸும் பேட்டரியும் டயரும் வண்டி நின்றாலும் காசு கேட்கும்.

போன மாதம்தான் நாலு டயரும் மாற்றினேன், ஏசிக்கும் செலவு செய்தேன். இப்போது விற்றால் அந்தக் காசெல்லாம் போய்விடுமே?

போனது போனதுதான், ரிப்பேர் செய்தாலும் அது திரும்பி வராது. ஆனால் புது டயர் என்பது விற்கும்போது பேரத்தில் பேசக்கூடிய பொருள். பில்லை எடுத்து வையுங்கள். வாங்குகிறவர் வண்டியை உடைத்துச் சாமானாக விற்கிறவராக இருந்தால் டயரையும் பேட்டரியையும் தனியாக விற்றுவிட்டு, பழைய டயரை மாட்டிக் கொடுக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால் அதில் தவறில்லை.

எந்தப் பழுதுக்கு தைரியமாகச் செலவு செய்யலாம், எதற்கு யோசிக்க வேண்டும்?

கிளட்ச், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர், சஸ்பென்ஷன் புஷ் இவையெல்லாம் தேய்ந்து மாற்றும் சாமான்கள். இவற்றுக்காக வண்டியை விற்பது அவசரம். ஏசி கம்ப்ரசரும் அப்படித்தான், செலவு உறைத்தாலும்.

டைமிங் பெல்ட் அறுந்து நின்ற வண்டி கொஞ்சம் சிக்கல். ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். வால்வோடு போனதா, பிஸ்டனும் அடிபட்டதா என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

யோசிக்க வேண்டியவை என்று கேட்டால், டூயல் கிளட்ச், சிவிடி போன்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள். உள்ளூர் மெக்கானிக் தொடத் தயங்குவார், கம்பெனியில் மொத்த யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். ஏஎம்டி அந்த அளவுக்கு மோசமில்லை, உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். டீசலில் டர்போவும் இன்ஜெக்டரும் சேர்ந்து போனால் செலவு எகிறும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வேறு இருக்கிறது. ஊருக்குள்ளேயே குறைந்த தூரம் ஓட்டினால் அது அடைத்துக்கொண்டே இருக்கும். சுத்தம் செய்து எடுத்தாலும் உங்கள் ஓட்டம் மாறாவிட்டால் திரும்பவும் அடைக்கும். அப்படிப்பட்டவர்கள் டீசலை விட்டுவிட்டு பெட்ரோலுக்கு மாறுவதே மேல்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது துருவுக்கு. சென்னையில் கடலை ஒட்டிய பகுதிகள், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் ஓடிய வண்டிகளை லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். கதவின் கீழ் விளிம்பில் துரு என்றால் டிங்கரிங் பெயின்டிங்கோடு போகும். சஸ்பென்ஷன் பொருந்தும் இடமோ சேஸிஸ் மெம்பரோ ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொத்துக்கொள்ளும் அளவுக்கு அரித்திருந்தால் இன்ஜினுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

கம்பெனியே இந்தியாவை விட்டுப் போய்விட்ட வண்டி. ஸ்பேர்ஸ் கிடைக்குமா?

செவர்லே 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது, மறைமலைநகர் ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. ஆனால் ஃபோர்டுக்கு சர்வீஸும் ஸ்பேர்ஸும் தொடர்கின்றன. ஓடிய வண்டிகளும் ஏராளம் என்பதால் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் மாதிரி சாமான்களை மற்ற கம்பெனிகளும் செய்கின்றன. சென்னையில் ஜி.பி. ரோட்டில் ஒரு சுற்று சுற்றினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். சிக்கல் வருவது ஹெட்லைட், டேஷ்போர்டு, கன்ட்ரோல் யூனிட் போன்ற அந்த மாடலுக்கே உரிய சாமான்களில். வேலை ஆரம்பிக்கும் முன் எந்தெந்த சாமான் வேண்டும் என்று எழுதி வாங்கி, நீங்களே நாலு கடையில் விசாரியுங்கள். சாமான் கையில் வராமல் வண்டியைப் பிரிக்கவே விடக்கூடாது. ஒரே ஒரு சென்சாருக்காக மூன்று மாதம் பிரித்தபடி நின்றால் வண்டி மேலும் கெடும்.

புது இன்ஜின் கட்டாது. புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கிப் போடலாமா?

போடலாம், பலர் போடுகிறார்கள். விபத்தில் பாடி நசுங்கிய வண்டியின் இன்ஜின் நல்ல நிலையில் கிடைத்தால் ஓவர்ஹாலைவிட மலிவாக முடியும். ஆனால் இன்ஜினில் எண் இருக்கிறது, அது ஆர்சியில் ஏறியிருக்கிறது. இன்ஜினை மாற்றினால் ஆர்டிஓவிடம் சொல்லி ஆர்சியில் புது எண்ணை ஏற்ற வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்: வாங்கிய பில், பழைய வண்டியின் ஆர்சி நகல் முதலியவை. பில் தர மாட்டேன் என்கிற கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவது நீங்கள். எண் பொருந்தாத வண்டிக்கு விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கிளைமும் தகராறாகும். பிறகு விற்கவும் முடியாது.

மெக்கானிக் வழி சொல்வார்: "பிளாக்கை உங்களோடதே வெச்சுக்கலாம் சார், உள்சாமான் மட்டும் மாத்திடலாம்." எண் பொறித்த பிளாக் உங்களுடையதாகவே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பிளாக் விரிசல் விடாமல் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா?

தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாறாலும் நின்ற வண்டிக்கு சாதாரண பாலிசியில் எதுவும் கிடைக்காது. விபத்து, தீ, வெள்ளம் என்றால் உண்டு. அதுவும் ஃபுல் இன்சூரன்ஸாக இருந்தால்தான், தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் கிடையாது.

வெள்ளத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று கம்பெனி சொல்லும். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் அதற்குப் பணம் கிடைக்க வழி உண்டு. எனவே மூழ்கிய வண்டியைத் தொடாமல் போட்டோ, வீடியோ எடுத்து, சர்வேயர் வரும்வரை அப்படியே விடுங்கள்.

ரிப்பேர் செலவு, பாலிசியில் உள்ள ஐடிவி மதிப்பில் (வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி குறித்திருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை மொத்த நஷ்டமாகக் கணக்கிடுவார்கள். அந்தச் சமயத்தில் வண்டியைக் காப்பாற்றியே தீருவேன் என்று நிற்காதீர்கள். மூழ்கிய வண்டியின் வயரிங் ரெண்டு வருடம் கழித்தும் ஒவ்வொன்றாகக் காலை வாரும்.

வண்டிக்கு 13 வயது. 15 ஆனால் ஓட்டவே முடியாது என்கிறார்களே?

அது டெல்லிக் கதை. 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் தடை டெல்லியையும் அதைச் சுற்றிய தலைநகர் பகுதியையும் சேர்ந்தது. இங்கே சொந்த உபயோகக் காரின் ஆர்சி 15 வருடத்துக்கு. அதன் பிறகு எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். கட்டணம்தான் சுருக்கென்று இருக்கும். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் மேலும் ஏற்றினார்கள்.

உங்கள் முடிவுக்கு இது எப்படி உதவும் என்றால், 14 வருடம் கடந்த வண்டியை வாங்குகிறவர் புதுப்பிப்புச் செலவு, எஃப்சிக்கு முன் செய்ய வேண்டிய டிங்கரிங் எல்லாவற்றையும் மனதில் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார். ஆகவே 13 வயதில் நின்ற வண்டியை ஒன்று இப்போதே விற்க வேண்டும், இல்லை 18, 20 வரை வைத்து ஓட்டும் எண்ணத்தோடு ரிப்பேர் செய்ய வேண்டும். இப்போது செலவு செய்து அடுத்த வருடம் விற்பதுதான் கைக்காசு கரையும் வழி.

ஓடாத வண்டியை யாரிடம் விற்பது?

மூன்று பேர் வாங்குவார்கள். செகண்ட்ஸ் வியாபாரி, கொங்குப் பக்கம் ஆட்டோ கன்சல்டிங் என்பார்கள். அவரிடம் சொந்த மெக்கானிக் இருப்பார், உங்களுக்கு 75 ஆயிரம் ஆகும் வேலை அவருக்கு 45-ல் முடியும். ஆகவே அவரிடம் பேரம் பேச இடம் இருக்கிறது. இரண்டாவது, உங்கள் மெக்கானிக்கே கேட்பார். அவர் கேட்கிறார் என்றாலே வண்டியில் உயிர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றாவது உடைக்கிறவர்.

ஆன்லைனில் கார் வாங்கும் கம்பெனிகளும் உண்டு, ஆனால் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு அவர்களிடம் பெரிதாக விலை எதிர்பார்க்க வேண்டாம். சோதனைக்கு வரும்போது ஓட்டிப் பார்க்க முடியாததைக் காட்டியே அடித்துக் கேட்பார்கள்.

ஒன்று மட்டும் செய்துவிட்டுக் காட்டுங்கள்: பேட்டரியை சார்ஜ் ஏற்றி, லைட், ஏசி ஃபேன், பவர் விண்டோ எல்லாம் வேலை செய்யும்படி வைத்து, வண்டியைக் கழுவிவிடுங்கள். இன்ஜின் ஓடாவிட்டாலும் மற்றதெல்லாம் உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்தால் விலை ஏறும். பிரித்துப்போட்ட நிலையில் விற்காதீர்கள். பேனட்டுக்குள் பாதி இல்லாத வண்டியைப் பார்த்தால் எந்த வியாபாரியும் காயலான் கடை விலைக்குத்தான் கேட்பார்.

பழைய கார் விற்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பதிவு பெற்ற வியாபாரி தன் லாபத்தின் மீது கட்டுவது. சொந்த வண்டியை விற்கும் தனிநபருக்கு அது கிடையாது.

பழுதைச் சொல்லித்தான் விற்க வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். மெக்கானிக் எஸ்டிமேட்டையும் காட்டுங்கள். "இதுதான் கோளாறு, இவ்வளவுதான் செலவு" என்று தாளில் இருந்தால், என்னவென்றே தெரியாத வண்டிக்கு வரும் விலையைவிட நல்ல விலை வரும். ஹீட் ஆகும் வண்டிக்கு, கசிவைத் தற்காலிகமாக அடைக்கும் ஸ்டாப் லீக் பொடி போட்டு ரெண்டு நாள் ஓட்டிக் காட்டி விற்கும் வேலை வேண்டாம். வாங்குகிறவர் உங்கள் தெருவிலேயே வந்து நிற்பார். விற்பனைக் கடிதத்தில் "இன்ன பழுது இருப்பது தெரிந்தே, இருக்கும் நிலையில் வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் பிற்பாடு பேச்சுக்கு இடமில்லை.

லோன் இன்னும் பாக்கி இருக்கிறது. விற்க முடியுமா?

கடனை அடைத்து பேங்கிடம் என்ஓசியும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்சியில் ஹைப்போதிகேஷனை (பேங்கின் அடமானக் குறிப்பை) நீக்கிய பிறகுதான் சுத்தமாக விற்க முடியும். பாக்கித் தொகை வண்டியின் இப்போதைய விலையைவிட அதிகம் என்றால், ரிப்பேர் செய்து ஓட்டியபடியே கடனைக் கட்டுவதுதான் பெரும்பாலும் வழி. "டியூவை நான் கட்டிக்கொள்கிறேன், வண்டியைக் கொடுங்கள்" என்று வருகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் ரெண்டு மாதம் கட்டாமல் விட்டால் உங்கள் சிபில்தான் விழும்.

ஆர்சி மாற்றத்தை வாங்குகிறவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். விடலாமா?

விடக்கூடாது. ரிப்பேர் கணக்கில் தப்பு செய்தால் சில ஆயிரம் போகும், இதில் தப்பு செய்தால் வீடே போகலாம்.

விற்ற வண்டி உங்கள் பெயரிலேயே இருந்து யார் மீதாவது மோதினால், நஷ்டஈடு வழக்கில் பதிவேட்டில் இருக்கும் உரிமையாளரைத்தான் பிடிப்பார்கள். கைமாறிக் கைமாறிப் போன வண்டியாக இருந்தாலும் ஆர்சியில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நின்ற வண்டிதானே, யார் ஓட்டப் போகிறார்கள் என்ற அலட்சியம்தான் இங்கே ஆபத்து. உங்களிடம் 60 ஆயிரத்துக்கு வாங்கிப் போனவர் அதை ஒரு மாதத்தில் ஓட வைத்திருப்பார்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாங்குகிறவர் பெயரைக் காலியாக விடும் பழக்கம் வியாபாரிகளிடம் உண்டு. அவர்கள் வேறு ஒருவருக்கு விற்கும்வரை வண்டி உங்கள் தலையில்தான் நிற்கும். இதற்காகவே 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி வந்தது. ஆர்டிஓவில் அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அன்றிலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். "உங்களிடம் அந்த அங்கீகாரம் இருக்கிறதா" என்று கேட்டுப் பாருங்கள். இல்லாதவரிடம் கொடுத்தால் தொகையில் கொஞ்சத்தைப் பெயர் மாற்றம் முடிந்த பிறகு திருப்பித் தருவதாக நிறுத்தி வையுங்கள்.

கூடவே ஃபாஸ்டேகை முடக்குங்கள். இல்லாவிட்டால் அவர் போகும் டோல்கேட்டுக்கெல்லாம் உங்கள் கணக்கில் பணம் போகும். இன்சூரன்ஸில் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸ் வண்டிக்குரியது இல்லை, உங்களுக்குரியது. கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அதே தள்ளுபடி கிடைக்கும். 50 சதவீதம் வரை சேர்ந்திருந்தால் அது சின்னத் தொகை இல்லை.

ஒன்றும் தேறாது என்றால் காயலான் கடையில் போடலாமா?

ஆர்சியை ரத்து செய்யாமல் போடாதீர்கள். மத்திய அரசின் விதிப்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்கள் இருக்கின்றன. அங்கே ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் ஒன்று தருவார்கள், அதை வைத்து பதிவை ரத்து செய்யலாம். அதே சான்றிதழைக் காட்டிப் புதுக் கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது. மாநில அறிவிப்பை ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை என்று பார்த்தால் இரும்பு எடைதான். ஆல்டோ மாதிரி சின்ன வண்டி முக்கால் டன்னை ஒட்டித்தான் இருக்கும். அதில் சீட்டும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் போக மிச்சத்துக்குத்தான் கிலோ விலை. ரிக்கவரி வண்டி வாடகையை யார் தருவது என்று முதலிலேயே பேசுங்கள், இல்லாவிட்டால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் ஆகிவிடும். பேட்டரி, ஸ்டீரியோ, அலாய் வீல், நல்ல டயர் இவற்றைத் தனியாக எடுத்து விற்கலாம். சைலன்சரோடு சேர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் எல்லாம் உண்டு. எடை போடுகிறவர் அதைப் பழைய இரும்பு என்றே சொல்வார், நீங்கள் தனி விலை கேளுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டு ரெண்டு மாதம் ஆகிறது. "நாளைக்கு, நாளைக்கு" என்கிறார்கள். என்ன செய்ய?

நேரில் போங்கள், போனில் பேசுவதில் பயனில்லை. எந்த சாமானுக்காக நிற்கிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், ஆர்டர் போட்ட ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். சாமான் வரவில்லை என்றால் நீங்களே வாங்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள். வேலை ஆள் இல்லாததுதான் காரணம் என்றால், இதுவரை செய்த வேலைக்குக் கணக்கு முடித்து, பில் வாங்கி, வண்டியை எடுத்துவிடலாம். எடுக்கும்போது கழற்றிய சாமான்களையெல்லாம் எண்ணி, போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். ஹெட்டை லேத்தில் கொடுத்திருந்தால் எந்த லேத், ரசீது எண் என்ன என்று எழுதி வாங்குங்கள். ஓடோமீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.